பிணி தீர்ந்த பின்

(சித்திரைச் சதயத் திருவிழாவில் ஆற்றிய உரை)



இன்று சித்திரைச் சதயம். திருநாவுக்கரசர் பெருமான் இறைவன் திருவடி கலந்த நன்னாள். இந்நாளில் அவர்தம் வரலாற்றைச் சொல்ல வருவோர் பெரும்பாலும் ஓரிடத்தில் குரலை உயர்த்துவர். சூலை நோய் நீங்கிற்று என்னும் இடம் அது. கேட்போரும் அவ்விடத்தில் நிமிர்ந்து உட்காருவர், கன்னத்தில் போட்டுக்கொள்வர். பிறகு சற்றே அயர்வர். நோய்தான் தீர்ந்துவிட்டதே, இனி என்ன என்று நம் நெஞ்சம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் சேக்கிழார் பெருமான் அங்கே ஏட்டைக் கட்டவில்லை. நாவரசர் புராணத்தில் நோய் தீர்வது முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. பெரும்பகுதி அதற்குப் பின்னேதான் இருக்கிறது.

அந்தப் பின்பகுதியைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறோம். நம் தெருவிலும் நம் வீட்டிலும் நடக்கும் பின்பகுதியைப் பற்றி. புற்றுநோயினின்று மீண்டவர்களைப் பற்றியும், அவர்களைப் பேணியவர்களைப் பற்றியும். மங்கலமான நாளில் மேடையில் இச்சொல்லைச் சொல்லத்தான் வேண்டுமா என்று விழாக் குழுவினருள் ஓர் அன்பர் தயங்கினார். அவரைக் குறை கூறவில்லை. அதே தயக்கத்தை யாமும் பல மாதம் எம் வீட்டில் வைத்திருந்தோம். அதனால் விளைந்த தீங்கைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 2022 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. சுமார் 97 லட்சம் பேர் இந்நோயால் மாண்டனர். இந்தியாவில் மட்டும் 14 லட்சம் புதிய நோயாளிகள். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு தொகுத்த எண்கள் இவை. அதே தொகுப்பில் இன்னோர் எண்ணும் உண்டு. நோய் கண்டறியப்பெற்ற 5 ஆண்டுகளுக்குள் உயிருடன் இருந்தோர் 5 கோடியே 35 லட்சம் பேர். மாண்டவர்களின் எண்ணை நாம் பேசுகிறோம். இந்த எண்ணைப் பேசுவதில்லை. மருத்துவமனையை விட்டு வெளிவரும் இவர்கள் எங்கே செல்கின்றனர்? நம் பக்கத்து வீட்டுக்குத்தான் வருகின்றனர். நம்மோடு வரிசையில் நின்று பிரசாதம் வாங்குகின்றனர். இந்தப் பந்தலிலும் அமர்ந்திருக்கின்றனர். நாம் அறியோம், ஏனெனில் அவர்கள் சொல்வதில்லை, ஏனெனில் நாம் கேட்பதில்லை.

2017 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எம் துணைவியாருக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. அறுவை நடந்தது. பின்னர் 3 வாரத்துக்கு ஒருமுறையாக 8 முறை மருந்து ஏற்றினர். முடி உதிர்ந்தது, நாவில் சுவை மாறிற்று, சோற்றின் மணமே ஆகாமல் போயிற்று. அதன்பின் 5 வாரம் கதிர்வீச்சு. எல்லாம் முடிய ஏறக்குறைய 9 மாதம் ஆயிற்று. அந்த ஒன்பது மாதமும் எம் வீட்டில் ஒழுங்கு இருந்தது என்றே சொல்ல வேண்டும். எந்த நாளில் எங்குச் செல்வது, யார் உடன் செல்வது, என்ன உண்ணக் கொடுப்பது என எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. வருவோரும் போவோரும் இளநீரும் பழமுமாக வீடு நிறைந்திருந்தது.

கடைசிக் கதிர்வீச்சு முடிந்த வாரமே இக்கோயிலில் இறைவனுக்கு அபிடேகம் செய்வித்தோம். உறவினரை அழைத்து விருந்தும் வைத்தோம். ஒவ்வொருவரிடமும், 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று சொன்னோம். மருத்துவமனைக் கோப்பைத் துணிப்பையில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். மருத்துவர் சொன்னதோ வேறு. நாள்தோறும் ஒரு மாத்திரை, குறைந்தது 5 ஆண்டு. சிலருக்கு 10 ஆண்டும் ஆகும் என்றார். தொடக்கத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் 6 மாதத்துக்கு ஒருமுறையும், 5 ஆண்டு கடந்த பின் ஆண்டுக்கு ஒருமுறையும் வந்து காட்ட வேண்டும் என்றார். பிறகு, முடிந்தது என்று எதைக் கொண்டு சொன்னோம்? எம் அச்சத்தைக் கொண்டு சொன்னோம்.

அத்தோடு நில்லாமல் ஒரு சட்டமும் இட்டோம். இனி இவ்வீட்டில் அந்நோயின் பெயரை யாரும் எடுக்கலாகாது. மறதியே மருந்து என்று பெரிய ஞானிபோலச் சொன்னோம். அக்கம்பக்கத்தாரிடம் 'ஏதோ சிறு கட்டி' என்றோம். இளைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. உண்மை தெரிந்தால் பெண் எடுக்க வருவோர் பின்வாங்குவர் என்ற கணக்கு. மார்பகப் புற்றுநோய்களுள் பெற்றோர் வழியாக இறங்கிவரும் மரபணுக் குறையால் வருபவை 100க்கு 5 முதல் 10 வரையே என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தோம். நோய் தொற்றாது என்பது முன்பே தெரியும். தெரிந்தும், அவர் தமக்கென்று ஒரு குவளையை ஒதுக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்தும் வாளா இருந்தோம்.

இரவில் விழித்துப் பார்த்தால் அவர் உட்கார்ந்திருப்பார். அக்குளிலும் கழுத்திலும் விரல் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். 'தூங்கு, ஒன்றுமில்லை' என்போம். அவரும் படுத்துக்கொள்வார். எம் சட்டத்துக்கு அவ்வளவு கட்டுப்பட்டார்.

2019 பங்குனி உத்திரத்தன்று உச்சிப்பொழுது. அர்ச்சனை முடிந்து வெளித் திருச்சுற்றை வலம் வந்தோம். பங்குனி வெயிலில் இக்கோயிற் கல்தளம் எப்படிக் காயும் என்பது உங்களுக்குத் தெரியும். யாம் நிழல் பார்த்துத் தாவித் தாவி ஓடினோம். அவர் நிதானமாக, கைகூப்பியபடி, வெயிலிலேயே நடந்து வந்தார். 'எத்தனை பத்தி!' என்று உடன் வந்தோர் வியந்தனர், யாமும் வியந்தோம். மண்டபத்தில் வந்து அமர்ந்தபோது பூ விற்கும் அம்மையார்தாம் பதறினார். இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்திருந்தன. அவருக்குச் சூடே தெரியவில்லை.

ஏற்றிய மருந்துகளுள் சில, கை கால்களின் நரம்பைத் தாக்கும். விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும்; ஊசி குத்துவது போல் இருக்கும். சிலருக்குச் சில மாதத்தில் தணியும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அவருக்கு அந்த மரப்பு ஓராண்டுக்கு மேலாகவே இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். அவர் சொன்ன விடையை இந்த மேடையில் அப்படியே சொல்கிறோம். 'எல்லோரிடமும் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டீர்கள். கால் மரத்திருக்கிறது என்று நான் சொன்னால் உங்கள் சொல் பொய்யாகிவிடுமே' என்றார்.

அன்பர்களே, எம் பேச்சுத் திறத்தைப் பலர் பாராட்டியதுண்டு. வீட்டில் ஒருவருடைய வாயை அடைக்கவே அது பயன்பட்டது.

அன்றிரவு, 'வேறு என்னென்ன சொல்லாமல் இருக்கிறாய்?' என்று கேட்டோம். விடிய விடியச் சொன்னார். அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்குகிறது, வளையல் ஏறவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. கடைக்குச் சென்று எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறார். கண்ணாடி முன் நிற்பதைத் தவிர்க்கிறார். மறுபரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சோறு இறங்குவதில்லை. நல்ல முடிவு வந்ததும் ஒரு மாதம் மனம் தெளிகிறது. பிறகு அடுத்த முறை நெருங்குகிறது. கணவன் மனைவி இடையே உள்ள நெருக்கத்தைப் பற்றியும் சொன்னார். அதை மேடையில் விரிக்க வேண்டுவதில்லை. ஆனால் அதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை இங்குள்ள கணவன்மார் அறிய வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் மருத்துவர் அறியாத புதுமையா? இல்லை. பரணிலிருந்து கோப்பை இறக்கிச் சென்று சொன்னபோது அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கை வீக்கத்துக்கு அழுத்த உறையும் பயிற்சியும் உண்டு என்றார். அந்தக் கையில் சிறு காயம் பட்டாலும் உடனே கவனிக்கச் சொன்னார். சோர்வுக்கு, படுத்தே கிடப்பதைவிட, இயன்ற அளவு நாள்தோறும் நடப்பது நல்லது என்றார். மரத்த காலுக்கு மெத்தென்ற செருப்பு. நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளுதல். திருச்சுற்றை வெயில் ஏறுமுன் வலம் வருதல். இவ்வளவுதான். பேசியிருந்தால் ஓராண்டுக்கு முன்பே கிடைத்திருக்கும். அடுத்த கோடையில் இக்கோயில் நிருவாகத்தார் வெளிச்சுற்றில் தேங்காய் நார்ப் பாய் விரித்தனரே, அது இதன்பின் வந்ததுதான். நீரிழிவால் கால் மரத்தவர்களும் அதில் நடக்கின்றனர்.

இனி, அம்மையார் கதைக்கு வருவோம். நாவரசருக்குத் தமக்கையார் திலகவதியார். பெற்றோரை இழந்தார். மணம் பேசி வைத்திருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிர் தாங்கினார். அத்தம்பி பிரிந்து சென்றார்; நோயோடு இரவில் வந்து காலில் விழுந்தார். 'அன்றே சொன்னேனே' என்று அம்மையார் ஒரு சொல் சொன்னதாகச் சேக்கிழார் எழுதவில்லை. திருநீறு தந்தார், விடியுமுன் அலகும் தோண்டியுமாகத் தாம் நாள்தோறும் திருத்தொண்டுக்குச் செல்லும் கோயிலுக்குத் தம்பியையும் அழைத்துச் சென்றார். நோய் தீர்ந்தது. அதன்பின்? புராணம் நாவரசரோடு தலந்தலமாகச் செல்கிறது. அம்மையார் அதிகையிலேயே நின்றுவிடுகிறார். அறுபத்து மூவர் தொகையிலும் அவர் இல்லை. தொகை பாடிய சுந்தரரைக் குறை சொல்ல யாம் யார்? ஆயினும் பேணியவர்கள் கணக்கில் விடுபடுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம் என்று தோன்றுகிறது.

எம் வீட்டிலும் ஒரு திலகவதியார் இருந்தார். துணைவியாரின் தங்கை. துணிக்கடையில் வேலை பார்த்தவர். அக்காளுக்காக விடுப்பு எடுத்தார். விடுப்பு நீண்டு வேலையே போயிற்று. வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவியவர் அவர். மருந்தேற்றும் நாளில் வாசற்படியில் 6 மணி நேரம் அமர்ந்திருந்தவர் அவர். விருந்து வைத்தோமே, அந்த விருந்தில் பரிமாறியவரும் அவரே. மறுநாள் ஒரு புடவை கொடுத்துப் பேருந்து ஏற்றி அனுப்பினோம். நன்றி சொல்லியாயிற்று என்று எண்ணினோம்.

நான்கு மாதம் கழித்து அவர் தம் ஊரில் மயங்கி விழுந்தார். நீரிழிவு மிகுந்திருந்தது. எம் வீட்டில் இருந்த காலத்தில் தம் மாத்திரையைப் பாதி நாள் மறந்திருக்கிறார். அதைக்கூட உடற்கூறு என்று விடலாம். மருத்துவமனையில் அவர் சொன்னது வேறொன்று. 'அங்கே இருந்தபோது அழ நேரம் இல்லை. இங்கே வந்த பிறகு காரணமின்றி அழுகிறேன். தூக்கத்தில் அக்காள் கூப்பிடுவது போல் எழுந்துகொள்கிறேன். நோய் அவருக்குத்தானே, எனக்கென்ன வந்தது என்று எல்லோரும் சிரிப்பார்களே என்று சொல்லவில்லை' என்றார். நோயாளிக்கு ஒரு கோப்பு உண்டு. அதில் அவருடைய எடை, இரத்த அழுத்தம், இரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் ஏறுகின்றன. பேணுபவருக்குக் கோப்பு இல்லை. 9 மாதத்தில் ஒருமுறையேனும், 'நீ சாப்பிட்டாயா?' என்று அவரைக் கேட்டோமா என்று எண்ணிப் பார்த்தோம். நினைவுக்கு வரவில்லை.

பேணியவரின் துயரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தாமே மருத்துவராக இருந்தும் காக்க இயலவில்லை. அத்துயரை அவர் புதைத்துவிடவில்லை. பல ஆண்டு மனத்தில் சுமந்தார். 1954 இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தங்கையின் கட்டிலருகே தொடங்கியது அந்த வழி. எல்லோரும் மருத்துவமனை கட்ட வேண்டுவதில்லை. துயரம் வாய் திறக்க இடம் கொடுத்தால் போதும். அது எங்கே செல்லும் என்பதை அதுவே தேடிக்கொள்ளும்.

எங்கள் திருமுறைக் குழுவில் அன்பர் ஒருவர் உண்டு. புகையிலை விளைத்த தீங்கு. குரல்வளை முழுவதையும் எடுத்துவிட்டனர். கழுத்தின் அடியில் ஒரு திறப்பு. அதன் வழியேதான் மூச்சு. முப்பதாண்டு பதிகம் பாடிய குரல் போயிற்று. ஓராண்டு கோயில் வாசலை மிதிக்கவில்லை. பிறகு வந்தார். வந்தவரைத் தீர்த்தவாரியன்று, 'குளத்தில் முழுகினால் எல்லாம் தீரும்' என்று நம்மவர் சிலர் அன்பு மிகுதியால் கையைப் பிடித்து இழுத்தனர். கழுத்துத் திறப்பு நீருள் ஆழ்ந்தால் நீர் நேரே நுரையீரலுக்குள் போகும், உயிருக்கே கேடு. அவரோ, 'வேண்டாம்' என்று கத்த இயலாதவர். நல்லவேளையாக அவர் மகன் அருகில் இருந்தார். அன்பு இருந்தால் போதாது அன்பர்களே. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். இப்போது அவர் குழுவில் தாளம் போடுகிறார். கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் ஒலியைக் கேட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் முதலில் மிரண்டனர். இன்று பண் பிறழ்ந்தால் அந்தக் குரலில்தான் திருத்தம் வருகிறது. பிள்ளைகளுக்கு அச்சம் முன்னைவிட மிகுதி, ஆனால் அது மாணவனுக்குரிய அச்சம்.

ஒரு சொல்லை மட்டும் இக்கூட்டத்தாரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். மீண்டவர் முகத்துக்கு நேரே 'முன்வினை' என்று சொல்லாதீர்கள். 'போன பிறவியில் என்ன செய்தாரோ' என்று ஒருவர் எம் துணைவியாரின் காதுபடச் சொன்னார். சொன்னவர் நித்திய பூசை உடையவர். சைவம் வினையைப் பேசுகிறது; உண்மை. பிறர் வினையைக் கணக்கிடும் உரிமையை நமக்கு அது கொடுக்கவில்லை. கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்கள் குளிர்நோயால் நடுங்கியபோது சம்பந்தப் பிள்ளையார் வினை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடி நோயைத் தீர்த்தார் என்பது வரலாறு. நமக்குப் பதிகத்தால் தீர்க்கும் ஆற்றல் இல்லை. நாவை அடக்கும் ஆற்றலாவது இருக்கலாமே.

மீட்சி ஒரே நாளில் வருவதன்று என்பதற்குச் சுந்தரர் வரலாற்றையே காட்டலாம். இரு கண்ணும் இழந்தவருக்குத் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் ஒரு கண். திருவாரூரில் மற்றொரு கண். இடைப்பட்ட வழியெல்லாம் கோலூன்றி நடந்தார். ஒரு கண் வந்ததும், 'சரியாகிவிட்டது, விருந்து வையுங்கள்' என்று யாரேனும் சொல்லியிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த இடைவழியில்தான் நம் வீட்டு மீண்டோர் நடந்துகொண்டிருக்கின்றனர். சிலருக்கு அவ்வழி வாழ்நாள் முழுவதும் நீளும். சிலருக்கு நோய் திரும்பவும் வரும். அதை மறைத்துப் பேசுவது பொய்யாகும். ஊன்றுகோல் என்பது என்ன? தொலைவூர் மருத்துவமனைக்கு உடன் செல்வது ஊன்றுகோல். புற்றுநோயாளர் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் செல்ல இரயிலில் கட்டணச் சலுகை உண்டு, துணை செல்வோர் ஒருவருக்கும் உண்டு. அதற்குரிய சான்றை மருத்துவமனையில் கேட்டு வாங்கித் தருவதும் ஊன்றுகோலே. அன்னதானப் பந்தியில் வாய்ப்புற்றிலிருந்து மீண்டவர் ஒருவர் அமர்ந்தால், கதிர்வீச்சினால் எச்சில் வற்றிய வாயில் ஒவ்வொரு கவளத்தையும் நீரோடு விழுங்க அவருக்கு நேரமாகும் என்றறிந்து, இலையை எடுக்காமல் காத்திருப்பதும் அதுதான். நம் மடைப்பள்ளியார் இதைச் செய்கிறார். கேட்காமலே, குழைந்த தயிர்ச்சோறு ஒரு கிண்ணத்தில் தனியே வைக்கிறார்.

நோய் தீர்ந்த நாவரசர் உழவாரம் ஏந்தினார். அவரை யாரும், 'நீர் நோயாளி, உட்காரும்' என்று தடுத்ததாகத் தெரியவில்லை. எம் துணைவியாரும் இப்போது மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை, தாம் மருந்தேற்றிக்கொண்ட கூடத்துக்கு வெளியே சென்று அமர்கிறார். புதிதாக வருவோர் அஞ்சிக் கேட்பதற்கு விடை சொல்கிறார்; தெரியாததை மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறார். உடன் வந்தவர்களைப் பார்த்து, 'நீங்கள் சாப்பிட்டீர்களா?' என்று முதலில் கேட்கிறாராம். இதை எமக்குச் சொன்னவர் அங்குள்ள செவிலியர்.

இளைய மகளுக்கு மணம் நடந்தது. பெண் கேட்டு வந்தவர்களிடம் தாயார் தாமே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு குடும்பத்தார் எழுந்து சென்றனர். அடுத்து வந்தவர்கள் அமர்ந்து கேட்டனர். பேரக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது.

வரும் செவ்வாய்க்கிழமை துணைவியாருக்கு ஆண்டுப் பரிசோதனை. கோப்பு பரணில் இல்லை. பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. இரண்டு நாளாக அவருக்குச் சோறு செல்லவில்லை. அஞ்சுகிறேன் என்று வாய்விட்டே சொல்கிறார். யாமும் அஞ்சுகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். தங்கையும் உடன் வருகிறார். அவருக்கும் அன்றே இரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்தாயிற்று. விடியற்காலை 5 மணிப் பேருந்து. மூவருக்கும் வழியில் உண்ண இட்டலி கட்டிக்கொள்ள வேண்டும்.